பூதத்துக்கு ஒரு பட்டா

இன்னாடா பேராண்டி, கட்டிலுக்கு அடியில தலையை உட்டுக்கினு தேடற? வட்டமா, கறுப்பா, பிளாஸ்டிக்கு வில்லையா? பொம்மையை நிறுத்தற பேஸா? 32 மில்லியா? அதை எடுத்து நான் இன்னாடா பண்ணப்போறேன், வாயில போட்டு மெல்லவா? பல்லு இருந்த காலத்துலயே நான் முறுக்கோட நிறுத்திக்கினவன். எங்கயாவது கெடக்கும், அப்பால தேடிக்கலாம். இப்படி வந்து உக்காரு.

மதுராந்தகம் ஏரித் தண்ணியில நாப்பது வருஷம் நெல்லு வெளைச்சவன் நான். உங்கம்மாதான், தனியா கெடந்து இன்னா பண்ணப்போறேன்னு என்னை இந்தச் சேலையூர் மூணாவது மாடிக்கு ஏத்திக்கினு வந்தா. என் காலுல மண்ணு ஒட்டி எட்டு மாசம் ஆவுது. அப்படியாப்பட்டவன் கண்ணு முன்னால நீ நாலு நாளா ஒரு பிளாஸ்டிக்கு பூதத்துக்கு நிலம் தயார் பண்ணிக்கினு இருக்கே. சிரிக்காம பாத்துக்கினு இருந்தேனே, அதுக்கே நீ எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்.

உனக்குப் பூதத்துக்குப் பெயிண்ட் அடிக்க வருது, ஒத்துக்கறேன். சுண்டுவிரல்ல பாதி இல்லை அந்தப் பய. அவனுக்குக் கண்ணுல கருமணி, பல்லுல மஞ்சக் கறை, கோடாரி முனையில துரு. உங்கம்மா கல்யாணத்தன்னிக்குக்கூட மாப்பிள்ளைக்கு இவ்ளோ அலங்காரம் நடக்கலை. ஆனா அவன் நிக்கிற எடம்? அங்கதான் உன் வண்டவாளம் தெரியுது. சமையக்கட்டுல உப்புமாவுக்குன்னு வச்ச ரவையை ஒரு கை அள்ளிக்கினு வந்தே. ஃபெவிகாலை அரைகுறையா தடவித் தூவினே. ஆஹா சரளை மண்ணுன்னு படுத்துத் தூங்கிட்டே. காலையில பாத்தா எறும்பு வரிசை கட்டி, உன் பூதத்தோட நிலத்தைப் பேத்து எடுத்துக்கினு சுவரோரமா ஊர்வலம் போவுது. லாரி வச்சு மண்ணு அள்ளறதை இந்தப் பக்கம் நெறைய பாத்திருக்கேன்டா. எறும்பு வச்சு அள்ளினதை அன்னிக்குத்தான் பாத்தேன்.

முதல் பாடம் இதுதான். தின்னுற பொருளை நிலமாக்காதே. எறும்பு விட்டதை வண்டு திங்கும், வண்டு விட்டதை நம்ம ஊரு புழுக்கம் பூசணம் பிடிக்க வைக்கும்.

மணலு வேணும்னா மணலையே எடு. அதுக்காகத் திருவான்மியூர் கடற்கரைக்கு ஓடாதே. கடல் மணல்ல உப்பு இருக்கு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பெயிண்டை உரிக்கும். எடுத்தே தீருவேன்னா நல்ல தண்ணியில மூணு தரம் அலசி, மொட்டை மாடி வெயில்ல காய வை. அப்பால டீ வடிகட்டியில சலி. சலிக்கச்சொல்ல கீழ விழுந்தது தனி, மேல நின்னது தனி. ரெண்டையும் கலந்து தூவினாத்தான் மண்ணு மாதிரி இருக்கும். ஒரே அளவுல தூவினா அது மண்ணு இல்லை, ஜவ்வரிசி வத்தல்.

கணக்கு உனக்கு வருமில்ல? இந்தப் பொம்மைங்க ஆள் ஒசரத்துக்கு 28 மில்லின்னு நீதான் சொன்னே. நம்ம ஆளு அஞ்சரை அடி. அப்போ அவன் ஊருல ஒரு மில்லி, நம்ம ஊருல 6 சென்டிமீட்டர். நீ கடுகத்தனை கல்லு ஒன்னு ஒட்டினா, ரெண்டு மில்லி, அவன் காலடியில உரிச்ச தேங்காய் கெடக்குதுன்னு அர்த்தம். அரிசி அளவு கல்லு 36 சென்டிமீட்டர். சின்ன அம்மிக்கல்லு! நீ தூவி வச்சிருக்கறதைப் பாத்தா அவன் போருக்குப் போற மாதிரி இல்லை, தேங்காய் மண்டியில மூட்டை தூக்கப் போற மாதிரி இருக்கு.

இதெல்லாம் சீமைக் கலைன்னு மெரளாதே. நாட்டிங்ஹாம் கம்பெனிக்காரன் 1983ல இந்தப் பொம்மைங்களை வச்சு ஆடற வார்ஹாமர் வெளையாட்டைக் கொண்டாந்தான்னு சொன்னியே, அதுக்கு எவ்வளவோ முன்னாலயே நம்ம வீட்டுப் பொம்பளைங்க கொலுப்படிக்கு முன்னால பார்க் கட்டினவங்க. எதிர் ஃபிளாட்டு மாமியைப் பாரு. நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கச்சொல்லவே தட்டுல மண்ணைப் பரப்பி, கேழ்வரகு, கடுகு, வெந்தயம் தெளிச்சுடுவாங்க. கொலு அன்னிக்கு அது பச்சைப் பசேல்னு நிக்கும். நடுவுல மூஞ்சி பாக்கற கண்ணாடியைப் படுக்க வச்சா கொளம். மாமியோட சூட்சுமம் இன்னா தெரியுமா? கண்ணாடியோட ஓரம் ஒரு நூலு தெரியாம மணலால மூடிடுவாங்க. ஓரம் தெரிஞ்சா அது கண்ணாடி, ஓரம் மறைஞ்சா அது கொளம். நீயும் தண்ணி வைக்கணும்னா மொதல்ல கரையை வை.

மாமிகிட்டக் கத்துக்கக் கூடாததும் ஒன்னு இருக்கு. அவங்க பார்க்குல காந்தி, புலி, போலீஸ்காரர், செட்டியார் கடை, கிரிக்கெட் மேட்சு எல்லாம் ஒரே புல்லுல நடக்கும். கொலுவுக்கு அது செல்லும், ஒன்பது நாள்ல பொட்டிக்குள்ள போற கூட்டம்தானே. உன் வட்டம் 32 மில்லி. அதுல நீ மண்டையோடு ரெண்டு, காளான் மூணு, உடைஞ்ச தூணு ஒன்னு, மரவேரு, புல்லு, மூலையில பனி வேற வச்சிருக்கே. பூதம் எங்கடா நிக்கும்? சாயங்காலம் பீச்சு ரயில்ல தொங்கிக்கினு வர்றவன் மாதிரி ஒத்தைக் காலுல நிக்கிறான். ஒரு வட்டத்துக்கு ஒரு சேதி போதும். இவன் எங்கேர்ந்து வர்றான்னு பாக்கறவனுக்குத் தெரியணும், அவ்ளோதான்.

எங்கேர்ந்து வர்றான்னு எப்படிக் காட்டறதுன்னு கேக்கறியா? அதுக்குத்தான் குனிஞ்சு பாக்கணும். நீ செல்லுல ஐஸ்லாந்து எரிமலையைப் பாத்துக்கினு இருக்கே. 1863 மே 30ஆம் தேதி, பல்லாவரத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு வெள்ளைக்காரர், பூமி சோதிக்கிற உத்தியோகத்துல இருந்தவர், சரளைக் குழியில குனிஞ்சு பாத்தார். கையில கெடைச்சது ஆதி மனுசன் செதுக்கின கல்லுக் கோடாரி. இந்த நாட்டுல பழைய கற்காலத்து ஆளுங்க நடமாடினாங்கன்னு அதை வச்சுத்தான் ஒலகம் தெரிஞ்சுக்கிச்சு. எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காதே, காலையில என்கூட நடக்க வர்ற ரிட்டயர் வாத்தியார் தினம் ஒரு பாடம் நடத்தறார். உன் பூதம் தூக்கிக்கினு நிக்கிறது பிளாஸ்டிக்கு கோடாரி. நிஜக் கோடாரி கெடந்த மண்ணு உன் ஜன்னலுக்கு வெளியில மூணு ஸ்டேஷன் தாண்டி இருக்கு. நீ ஐஸ்லாந்துக்கு டிக்கெட் பாக்கறே.

அந்தச் செஞ்சரளையையே வை உன் பூதத்துக்கு. அவன் மூஞ்சி பச்சை. நீ காலடியிலயும் பச்சைப் புல்லைக் கொட்டினா, மாடு மேஞ்சுட்டுப் போனாக்கூட ஆளு போனது தெரியாது. பச்சைக்குச் செவப்புதான் எடுப்பு. வெத்தலை போட்ட வாயைப் பாத்தவனுக்குத் தெரியாதா இது?

பாறையை வெறும் சாம்பல் கலர்ல அடிக்கறதையும் நிறுத்து. பரங்கிமலையில, பல்லாவரத்துல உடைச்ச கல்லைப் பாரு, நீலம் ஓடின கறுப்பு. அந்தக் கல்லுக்குச் சார்னோகைட்டுன்னு பேரு. கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு கம்பெனி ஏஜெண்டு செத்தப்போ, அவர் சமாதிக்கு இந்தக் கல்லைத்தான் வச்சாங்களாம். இருநூறு வருஷம் கழிச்சு, 1893ல, ஹாலண்டுன்னு ஒரு கல்லு ஆராய்ச்சிக்காரர் சமாதியைப் பாத்துட்டு, செத்தவர் பேரையே கல்லுக்கு வச்சுட்டார். எல்லாரும் கல்லு மேல ஏறி நிப்பாங்க, இவர் மேல கல்லு ஏறிப் பேரையும் புடுங்கிக்கிச்சு. நம்ம ஊரு கல்லு, கேக்கணுமா.

அப்பால புல்லு. நீ வட்டத்துக்கு நட்ட நடுவுல, தலையில குடுமி வச்ச மாதிரி ஒன்னு நட்டிருக்கே. புல்லு அப்படியா மொளைக்கும்? நடக்கற எடத்துல மொளைக்காது. கல்லோட அண்டையில மொளைக்கும், ஏன்னா அங்கதான் ஈரம் தங்கும், காத்துல வந்த வெதை அங்கதான் முட்டி நிக்கும். சுவரோட நெழல்ல மொளைக்கும். மே மாசத்துல ஏரி வத்தினப்போ போய்ப் பாரு, களிமண்ணு பாளம் பாளமா வெடிச்சு, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி மேல சுருண்டு நிக்கும். அந்த வெடிப்புக்குள்ள ஒரு புல்லு தலை நீட்டும். அதை வை. புல்லுக்குக் காசு செலவு பண்ணாதே, தேங்காய் நாரை அரை விரக்கடை நறுக்கிக் கொத்தா ஒட்டினா காஞ்ச கோரை. பிரிச்சு ஒட்டினா வேரு.

கலர் அடிக்கிறதுக்கு உன் செல்லுல வெள்ளைக்காரன் அரை மணி நேரம் பேசறான். எங்க ஊருல சுண்ணாம்பு அடிக்கிறவன் பேசாமலே செய்வான். மொதல்ல இருட்டுக் காவியை ஊத்தி மூடு. அது காஞ்சப்புறம், பிரஷ்ல வெளிறின கலரைத் தொட்டு, துணியில தொடைச்சு, ஒன்னுமே இல்லைன்னு தோணும்போது மண்ணு மேல லேசா தடவு. மேடு வெளுக்கும், பள்ளம் இருட்டாவே நிக்கும். வெயிலு பட்ட நிலம் வந்துடும். அவசரப்பட்டுப் பிரஷை நெறைய தோச்சே, அது நிலம் இல்லை, எலெக்‌ஷன் சுவர். அந்த வட்டத்தோட வெளி ஓரத்தை மட்டும் சுத்தமா ஒரே கலர்ல அடி. வேட்டிக்குக் கரை மாதிரி அது. கரை அழுக்கானா பட்டு வேட்டியும் அழுக்கு. இன்னொன்னு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில மாடிக்கு ஓடி ஸ்பிரே அடிக்காதே. காத்துல ஈரம் இருந்தா பிரைமர் பூத்துப்போயிடும். போன தரம் உன் ராஜா பொம்மை சுண்ணாம்பு சட்டியில விழுந்து எழுந்தவன் மாதிரி வந்தானே, அது மறந்துபோச்சா? மழை நாள்ல பிரஷ்லயே தடவு.

ஒட்டறது தனிப் பாடம். முந்தாநேத்து உன் பூதம் பாதத்தோட பேந்து வந்தான். பெயிண்ட் மேல பசை வச்சா பெயிண்டுதான் ஒட்டும், பொம்மை ஒட்டாது. பாதத்துக்கு அடியில பெயிண்டைச் சொரண்டு. மெல்லிசாத் தொளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை நறுக்கி ஆணி மாதிரி எறக்கு. கோயில்ல சாமியைப் பீடத்துல நிறுத்த எட்டுச் சரக்கைச் சேத்து இடிப்பாங்க: கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல்லு, காவிக்கல்லு, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். அஷ்டபந்தனம்னு பேரு. அதையே பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் புதுசா சாத்தறாங்க. நீ அஞ்சு ரூபா பசையை ஒரு சொட்டு வச்சுட்டு, அஞ்சாவது நிமிஷம் ஊதி ஊதிப் பாக்கறே.

நிலம் செய்யற இந்த வேலையில உனக்கு எதிரா இந்தப் பக்கம் பெரிய பெரிய கில்லாடிங்க இருக்காங்கடா. 2021ல அஞ்சு நகராட்சியையும் அஞ்சு பேரூராட்சியையும் சேத்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினாங்களே, அந்தப் பத்து ஊருல எதுல போய் நின்னு கேட்டாலும் ‘எங்க ஏரி’ன்னு ஒன்னு சொல்லுவான். சொல்லுற எடத்துல தண்ணி இருக்கான்னு மட்டும் கேக்காதே. கட்டட இடிபாடு நாலு லாரி, அதுக்கு மேல செம்மண்ணு ரெண்டு லோடு, சுத்தி வெள்ளைக் கல்லு, கொடி, ‘ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிஷம்’னு பேனரு. பேஸு ரெடி. மேல நிறுத்தறதுக்கு உங்கப்பனை மாதிரி லோன் வாங்கின பொம்மைங்களுக்கா பஞ்சம்? 2015 டிசம்பர்ல அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் வீட்டுக்குள்ள எல்லாம் பூந்து, இது யாரோட நிலம்னு ஞாபகப்படுத்திட்டுப் போச்சு. படகு வச்சு ஆளை எறக்கினாங்க. கடையில விக்கற பேஸுன்னு நெனைச்சு வாங்கினாங்க பாவம், அடியில இருந்தது ஏரி. நீ செய்யற பூதமாவது பொய் நிலத்துல நிக்க வேணாம்டா. அது வெளையாட்டு. வெளையாட்டுலயாவது கொஞ்சம் நாணயம் இருக்கட்டும்.

எங்க ஊரு ஏரிக்கரையில கன்னிமார்னு ஏழு கல்லு இருக்கு. கண்ணு இல்லை, மூக்கு இல்லை, கையில ஆயுதம் இல்லை. பொம்மையே கெடையாது, பேஸு மட்டும்தான்னு வச்சுக்கயேன். ஆனா அந்தப் பக்கம் போற போக்கிரிகூடச் செருப்பைக் கழட்டுவான். எடத்துக்கு அவ்ளோ மரியாதை. இன்னொரு பக்கம் தஞ்சாவூர் தலையாட்டி. எவ்வளவு ஆட்டினாலும் படுக்க மாட்டேன்னு எழுந்து நிக்குதே, எதனால? அடியில கனம். தலை பாட்டுக்கு ஆடும், அடி பாத்துக்கும். மனுசனுக்கும் அதான். என்னை மூணாவது மாடிக்கு ஏத்தினப்புறம் எனக்கும் தலைதான் ஆடுது, அடியில ஒன்னும் இல்லை. அதான் சொல்றேன், நாளைக்கு உன் ஸ்கூட்டர்ல என்னையும் ஏத்திக்கினு போ. பல்லாவரம் சரளை ஒரு பிடி, ஏரி வெடிப்பு ஒரு பாளம், ரெண்டையும் நான் பொறுக்கித் தரேன். உனக்கு மண்ணு, எனக்கும் கொஞ்சம் மண்ணு.

எங்கடா எழுந்திரிக்கறே? திரும்பவும் கட்டிலுக்கு அடியிலயா? சரி, சரி, வேணாம், முட்டி தேயும். சொல்லிடறேன். நாலு நாளா உன் வேலையைப் பாக்க வசதியா இந்த நாற்காலியில உக்காந்தேனா, இதுக்கு ஒரு காலு குட்டை. லொடக்கு லொடக்குன்னு ஆடுது. பாத்தேன், வட்டமா, கறுப்பா, அளவெடுத்து வச்ச மாதிரி ஒன்னு மேசையில கெடந்தது. குனிஞ்சு பாரு, பின்னங்காலுக்கு அடியில. இப்ப ஆடுதா? ஆடலை இல்ல? மில்லி கணக்கெல்லாம் அப்பால பேராண்டி. ஆனா உன் பேஸுலயே உருப்படியா ஒருத்தனைத் தாங்கிக்கினு நிக்கிறது அது ஒன்னுதான். அதைப் புடுங்காதே.