இரண்டு பேர் படிக்கும் ஒரே கட்டளை

கேள்வி: மேக்ஃபைலில் எழுதும் ஷெல் கட்டளைகளில் $ குறி மட்டும் ஏன் மாயமாகிறது? எப்படிச் சோதிப்பது?

பதில்: மாயமில்லை, போகிற வழியிலேயே சுங்கம் பிடிக்கிறார்கள்! 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' நிரல், கட்டளையை ஷெல்லிடம் கொடுக்குமுன் தானே ஒருமுறை படிக்கும். $ஐக் கண்டால், அதையடுத்து அடைப்புக்குறியோ இன்னொரு $ குறியோ இல்லாதபோது, அடுத்துள்ள ஒற்றை எழுத்தைத் தன் மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் '$ஹோம்' என்று எழுதினால் 'எச்' என்ற மாறியைத் தேடும்; அப்படியொன்று இல்லையென்றால் அந்த இடம் வெறுமை. ஷெல்லுக்குப் போய்ச் சேர்வது 'ஓ, எம், ஈ' மட்டுமே. கோப்புகளை அழிக்கும் கட்டளையில் இது பெரும் ஆபத்து. ஆகவே $$ என்று எழுதுங்கள்: மேக் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை ஷெல்லுக்கு விட்டுவிடும்.

சோதனையை அழிக்கும் கட்டளையில் தொடங்காதீர்கள். $, மேற்கோள்குறி, பின்சாய்கோடு, *, # ஆகியவற்றை ஒவ்வொன்றாக 'பிரிண்ட்எஃப்' கட்டளை மூலம் அச்சிட்டு, எதிர்பார்த்த வரியோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் 'மேக் -என்' கொடுங்கள். கட்டளையை ஓட்டாமல், ஷெல்லுக்குப் போகவிருக்கும் வரியை மட்டும் காட்டும். அந்த வரியே பிழையென்றால் குற்றவாளி மேக்; வரி சரியென்றால் ஷெல்லை விசாரியுங்கள். இந்தச் சோதனைகளை நிரலோடு சேர்த்தே வைத்திருங்கள். அடுத்து வருபவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.