குதிரைக்கும் உண்டு திங்கட்கிழமை

கேள்வி: பழனியில் வண்டி இழுக்கும் குதிரைக்கு, ஓய்வு முடிந்த மறுநாள் காலையில் ஒரு பின்னங்கால் மட்டும் தூண்போல வீங்குவது ஏன்?

பதில்: திசுக்களில் கசியும் நீரைத் திரட்டி இரத்தத்தில் சேர்க்கும் நிணநீர்க்குழாய்களுக்கு இதயம் போன்றதொரு பம்பு கிடையாது, பெரும்பாலும் கால் அசைவால்தான் அந்த நீர் மேலேறும். ஆகவே, கிருத்திகைக் கூட்டத்தில் ஓடி ஓடி வண்டி இழுத்த குதிரை, மறுநாள் கொட்டிலில் நின்றபடியே முழுப்படிக் கொள்ளையும் தின்றால் கால் வீங்குகிறது. ஒரு காலின் சிராய்ப்பு வழியே கிருமியும் புகுந்தால் அந்தக் காலில் அது காய்ச்சலும் நொண்டலும் கூடிய நிணநீர்க்குழாய் அழற்சியாகிறது. ஞாயிறு ஓய்வைக் கண்ட ஆங்கிலேயர் இதைத் 'திங்கட்கிழமைக் காலை நோய்' என்றனர். பழனிக் குதிரைக்குக் கிருத்திகைக்கு மறுநாள் ஞாயிறு, அதற்கு அடுத்த நாளே திங்கள். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது மனிதருக்கான வைத்தியம்; சும்மா நிற்கும் குதிரைக்குக் கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்டுவதே முறை. வீங்கிய காலில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி, வலி தணிந்ததும் மெல்ல நடத்தலாம். ஊசியும் மருந்தும் கால்நடை மருத்துவரின் பொறுப்பு. சூடு போடுவது புண்ணைத்தான் கூட்டும். கால் நெடுக முடிச்சு முடிச்சாகக் கட்டிகள் எழுந்து உடைந்து ஒழுகினால், அது மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோயாக இருக்கக்கூடும் என்பதால், வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.