300 ரூபாய் குறித்த விளக்கக் கடிதம்

பெறுநர்: ஆராய்ச்சி டீன் அவர்கள்
பொருள்: மின் பொறியியல் பிஎச்.டி. (தொழில்முனைவுச் சிறப்பு) – முழுநேர ஆய்வாளர் வெளி வருமானம் ஈட்டியது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் மெமோ.

ஐயா,

மெமோ கிடைத்தது. நான்கு வருடத்தில் இந்த வளாகத்தில் ஒரே நாளில் என் கைக்கு வந்து சேர்ந்த முதல் காகிதம் அதுதான்.

சேர்க்கை நாளில் மேடையேறி ஏதர் கதை சொன்னீர்கள். சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய மின் ஸ்கூட்டர் கம்பெனி. அவர்கள் பிஎச்.டி. பக்கமே போகாமல் தொடங்கினார்கள் என்பதைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள். நானாவது யோசித்திருக்க வேண்டும்.

என் ஆய்வு, மின்விசிறிக்கான பிஎல்டிசி மோட்டார் டிரைவ். பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் சுற்றும். கடையிலேயே கிடைக்கிறதே என்று ஆய்வுக் குழு (டி.சி.) மீட்டிங்கில் கேட்டார்கள். கிடைக்கிறது. சென்சார் இல்லாமல், மெதுவாகச் சுற்றும்போதும் உதறாமல் ஓட வைப்பதுதான் என் பாடு. வேகம் குறைந்தால், ரோட்டரின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பேக் இஎம்எஃப் சிறுத்துவிடும். ரோட்டர் எந்த இடத்தில் இருக்கிறதென்றே சர்க்யூட்டுக்குத் தெரியாது. (என் கைடைத் தேடும்போது எனக்கும் அதே நிலைமை.)

முதல் வருடம் ஒரு மாஸ்ஃபெட் புகைந்தது. விலை 40 ரூபாய். ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதல் கடையிலேயே கிடைக்கும். விதிப்படி மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், எல்1 எனும் குறைந்த விலைக்காரர் தேர்வு, நிதி அலுவலர் கையெழுத்து. ஐந்து மாதம் கழித்து வந்தது. நான் கேட்டது போர்டில் துளைவழி சொருகும் மூன்று கால் சமாச்சாரம். வந்தது சோற்றுப் பருக்கை அளவில் ஒன்று. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றியாயிற்று, பத்திரமாக இருக்கிறது.

பிறகு காப்புரிமை. சினாப்சிஸ் கொடுக்க ஸ்கோபஸ் கட்டுரை வேண்டும் என்கிறது தங்கள் அலுவலகம். கட்டுரை முதலில் வெளியானால் காப்புரிமைச் சட்டப்படி புதுமை போய்விடும். சரி, விண்ணப்பத்தை முதலில் போடலாம் என்றால், தடையில்லாச் சான்று எட்டு மேசை சுற்றுகிறது. அது வந்ததும் படிவம் 9-ஐயும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியாகும் விண்ணப்பம் அதனால் சீக்கிரம் வெளியாகிவிடுமாம். வழங்கப்பட்டதா என்பது பிறகு. வெளியானாலே என்ஐஆர்எஃப் தரவரிசைக் கணக்கில் ஒன்று கூடுமே!

இனி, குற்றத்துக்கு வருகிறேன்.

விடுதி மெஸ்ஸில் மாவு கிரைண்டர் நின்றுவிட்டது. மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. கெபாசிட்டர் உப்பியிருந்தது. 120 ரூபாய்க்கு வேறு வாங்கிப் போட்டேன். மெஸ் மேனேஜர் 300 ரூபாயைச் சட்டைப் பையில் திணித்தார். ஆக லாபம் 180. எனக்குத் தெரிந்தவரை இந்தச் சிறப்புப் பிரிவில் லாபம் காட்டிய ஒரே வியாபாரம் இதுதான்.

மெமோ வந்த அதே நாளில் இன்குபேஷன் செல்லிலிருந்தும் படிவம் வந்தது: ‘ஆய்வாளரின் விற்றுமுதல், கோடியில்’. 0.00003 என்று அடித்தேன். இரண்டு தசமத்துக்கு மேல் வாங்க மறுத்து 0.00 காட்டியது. அந்தப் படிவத்தை நம்பினால் நான் நிரபராதி. மெமோவை நம்பினால் தொழில்முனைவோன். எது என்று தாங்களே முடிவு செய்யவும்.

இப்படிக்கு,
முழுநேர ஆய்வாளர்

இணைப்பு: கெபாசிட்டர் பில் (ஒன்று). மாவுக்கு ஊறப்போட்ட அரிசி காத்திருந்தபடியால் மூன்று கொட்டேஷன் வாங்க நேரமில்லை.