துணி பார்ப்பவர்

பிறர் சட்டைக் கையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இரண்டு தடவை தேய்த்துப் பார்ப்பவர், திருச்சி வட்டாரத்தில் பரவலாகத் தென்படும் ஆண் வகை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதித் திண்ணைகளில் அடர்த்தி அதிகம். தில்லைநகர்க் குறுக்குத் தெருக்களிலும் குறைவில்லை. வயது அறுபதுக்கு மேல். திருவெறும்பூர் பாய்லர் ஆலை, பொன்மலை ரயில்வே பணிமனை, ஏதாவது ஒரு வங்கி, இவற்றில் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். துணி வியாபாரத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

தேய்த்து முடித்ததும் மூன்று வாக்கியங்கள் வரும். "காட்டனா?" "எவ்வளவு குடுத்தே?" "நன்னா ஏமாத்திட்டான்." முதல் கேள்விக்குப் பதில் தேவையில்லை, விரலுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இரண்டாவதற்கு எந்தத் தொகையைச் சொன்னாலும் மூன்றாவது அநேகமாக மாறாது.

மத்திய பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் 1ஆம் நம்பர் பஸ் அவருக்கு மிகவும் தோதானது. நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்திருப்பதால், காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் நாலைந்து சட்டைகளைப் பார்த்துவிடலாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் வேஷ்டிக் கரையைத் தொடாமல் ஆசீர்வாதம் முடியாது. துக்கம் கேட்கப் போன இடத்திலும், குனிந்து உட்கார்ந்திருக்கும் மகனின் தோளில் ஆறுதலாக விழுந்த கை மெல்ல இறங்கிச் சட்டைக் கையில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் விலை மட்டும் கேட்கமாட்டார். அதுவரைக்கும் பண்பாடு உண்டு. வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசலுக்கான வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவரின் சால்வை லூதியானா சரக்கா இல்லையா என்பது தீர்மானமாகிவிடும்.

அவருடைய பொறுமைக்குச் சோதனை கார்த்திகை மாதத்தில் வரும் கைசிக ஏகாதசி. அன்றிரவு ரங்கநாதர் கோயிலில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுவார்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் பட்டு வந்துகொண்டே இருக்கும்; இவரோ கூட்டத்தில் எங்கோ தள்ளி நிற்பார். கை குவிந்திருக்கும், கண்ணில் பக்தி இருக்கும், கட்டைவிரல் மட்டும் தன் பாட்டுக்கு ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

விரலுக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த கட்டம் நெருப்பு. தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். பருத்தியானால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் தொட்டதும் பொடியும். பாலியஸ்டரானால் உருகிச் சுருண்டு கடுகு மாதிரி கெட்டி மணியாகும். சோதனை முறை மிகவும் சரியானது. நூல் யாருடைய சட்டையிலிருந்து உருவப்பட்டது என்பதில்தான் தகராறு.

இந்த வித்தை வந்த வழி லேசானது. ஆயத்த ஆடை பரவாத காலத்தில் பெரிய கடை வீதியில் மீட்டர் கணக்கில் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்தாக வேண்டும். முழுக்கைச் சட்டைக்கு இரண்டேகால் மீட்டர். சுருங்கும் துணியை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் போட்டுக் காயவைக்க வேண்டும். காலர் தேய்ந்தால் பிரித்துத் திருப்பித் தைக்க வேண்டும். தவறான துணி எடுத்தால் அடுத்த தீபாவளி வரை அதுதான். அப்படி வளர்ந்தவருக்கு விரலில் கண் முளைத்ததில் வியப்பில்லை. அவர் கொடுக்கும் விளக்கமோ இன்னும் பழையது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல், அர்கரு என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அந்த ஊர் உறையூர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. துணி பார்ப்பவருக்கு இது குடும்பச் சொத்து. மஸ்லினை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்ட கிரேக்க வணிகனையும் உறையூர்த் திண்ணையில் ஒருவர் நிறுத்தித் தொட்டுப் பார்த்து, எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டிருப்பார் என்று நம்ப இடமிருக்கிறது.

ஆண்களின் உடை பற்றி அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. இதுதான் அவரிடம் உள்ள மிகப் பெரிய தொந்தரவு. சித்திரையில் 40 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் அலுவலகத்துக்குப் பருத்திதான் என்பதை யாரும் மறுக்க முடியாது. 2019இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை விதியில் ஆண்களுக்குச் சட்டை-பேன்ட்டோடு வேஷ்டியும் இடம்பெற்றது. அவர் கணக்கில் அது அரைகுறை ஆணை; எத்தனை கவுண்ட் நூல் என்று போடவில்லை. பெண் பார்க்கும் படலம் இப்போது தில்லைநகர்க் காபிக் கடைகளுக்கு மாறிவிட்டது. அதற்குப் போகும் பையனுக்கும் அவரிடம் பாடம் உண்டு: "புதுச் சட்டை போடாதேடா அம்பி. மூணு தடவை துவைச்சதைப் போடு. புதுசு போட்டா சட்டைதான் உட்கார்ந்திருக்கும், நீ இருக்கமாட்டே." சாம்பல் நிறம் வேண்டாம், வேர்வை பளிச்சென்று காட்டிக் கொடுக்கும், வெள்ளையோ கருநீலமோ போடலாம். சட்டையின் தோள் தையல் தோள் எலும்பில் நிற்க வேண்டும். பணம் கட்டிக் கற்றுக்கொள்ளும் இடத்திலும் இதைவிட உருப்படியாகச் சொல்ல மாட்டார்கள்.

அவர் உடுத்துவது வேறு கதை. பணியில் இருந்தபோது தைத்த டெரிகாட்டன் அரைக்கைச் சட்டை, தும்பைப்பூ நிறத்தை என்றோ கைவிட்ட நாலு முழம். கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதத் தள்ளுபடியில் ஆண்டுதோறும் வாங்கிய நல்ல சட்டைகள் பீரோவில் பாச்சை உருண்டையோடு இருக்கின்றன. நல்ல நாள் வரும் என்று வைத்திருக்கிறார்.

கெடுதல் எங்கே என்றால், அந்த விலைக் கேள்வியில். முதல் சம்பளத்தில் ஆசைப்பட்டு ஆயிரத்து நானூறுக்கு ஒரு சட்டை எடுத்து அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற பையனிடம், பந்தி முழுக்கக் கேட்கும்படி, அறுநூறு பெறாது என்கிறார். அந்தச் சட்டை அதன்பிறகு வெளியே வருவதில்லை. பையனை யாரும் ஏமாற்றவில்லை. அவனுக்குப் பிடித்திருந்தது, வாங்கினான். அந்தக் கணக்கு விரலுக்கு வராது. மேலும், இந்த விரல் எல்லோரிடமும் நீளுவதில்லை. முன்னாள் மேலதிகாரியின் சட்டைக் கையை அது தொட்டதாகத் தகவல் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் டி-ஷர்ட்டை மட்டும் மரியாதையாகத் தொட்டு, "ஃபாரின் துணி ஃபாரின் துணிதான்" என்கிறார். கழுத்துப் பட்டையைத் திருப்பினால் இந்தியாவில் செய்தது என்று இருக்கும். திருப்பூர் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு பகல் தூரம்கூட இல்லை.

தப்பிக்கும் வழிகள் சில முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. அரைக்கைச் சட்டை பயன்படாது, காலரைப் பிடிப்பார். யாரோ கொடுத்தது, விலை தெரியாது என்றால், கொடுத்தவரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று முடிப்பார். விலையைப் பாதியாகக் குறைத்துச் சொல்வது ஒன்றுதான் அவருடைய மூன்றாவது வாக்கியத்தை நிறுத்தும். கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. இன்னொரு தடவை தேய்த்துப் பார்ப்பார். பிறகு வேஷ்டி மடிப்பிலிருந்து பர்ஸை எடுத்து அந்தப் பாதி விலைக்குச் சில்லறை பிசகாமல் எண்ணிக் கையில் வைத்து, 42 சைஸில் ரெண்டு வாங்கிண்டு வந்துடு என்பார்.