தோசைக்கல்லில் கை வைத்த கதை

எங்கள் வீட்டுக்கு ஓடிஜி என்கிற மின் அடுப்பு வந்து ஆறு வருடமாகிறது. முதல் மாதம் அதில் ஒரு கேக் செய்தோம். இரண்டாம் மாதம் பிஸ்கட் என்ற பெயரில் ஒரு கட்டடப் பொருள். பிறகு அப்பளக் கட்டுகளும் மூடியில்லாத டப்பாக்களும் உள்ளே குடியேறின. ஒருநாள் மகள் வரவழைத்த பீட்சாவின் பில்லைப் பார்த்து, “மைதாவும் தக்காளியும்தானே, இதுக்கா இவ்வளவு?” என்று வாயைக் கொடுத்தேன்.

“அப்ப நீங்களே பண்ணுங்கப்பா” என்றாள்.

முதல் பீட்சா ஈஸ்ட்டிலேயே காலமானது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கச் சொல்லி பாக்கெட்டில் போட்டிருந்தது. என் அகராதியில் வெதுவெதுப்பு என்றால் மார்கழி மாதம் நான் குளிக்கும் தண்ணீர். ஈஸ்ட் உயிருள்ள வஸ்து, 60 டிகிரிச் சூட்டில் பிழைக்காது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. சுட்டு எடுத்ததை மகள் மேசைமேல் தட்டினாள். யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து அம்மா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இரண்டாவதில் மாவு உப்பியது. மேலே நான்தான் குடைமிளகாய், வெங்காயம், காளான், பன்னீர் என்று கல்யாணப் பந்தி பரிமாறிவிட்டேன். அவை விட்ட தண்ணீரும் அரைத்து ஊற்றிய தக்காளியும் சேர்ந்து ஒரே வெள்ளம். ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்துச் சாப்பிட்டோம். “கூட்டு நல்லாருக்குடா, உப்புதான் ஒரு கல் கம்மி” என்றாள் அம்மா. மூன்றாவதில் சீஸ் கருகியது; அடிப்பக்கம் மட்டும் வெள்ளைவெளேரென்று பச்சை மாவாகவே இருந்தது.

நேப்பிள்ஸ்காரர்களின் விறகு அடுப்பில் தளமே 430 டிகிரி. ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெளியே வந்துவிடும். அவர்களுடைய அந்தக் கைவேலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. என் ஓடிஜியின் குமிழ் 250-க்கு மேல் திரும்பாது. அதற்கே, கூட ஏசி ஓடினால் எம்சிபி விழும். மிச்சம் 180 டிகிரிக்கு நான் எங்கே போவேன்?

காற்றின் சூடு வேறு, இரும்பின் சூடு வேறு என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 250-ல் ஓடிக்கொண்டிருந்த ஓடிஜிக்குள் கையை விட்டேன். அனலடித்தது, ஆனால் தாங்க முடிந்தது. கையை இழுக்கும்போது விரல் கம்பித் தட்டில் பட்டது. பத்து நாள் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். காற்றும் 250, கம்பியும் 250; தோலை உரித்தது கம்பிதான். அப்படியிருக்க, சில்லென்ற அலுமினியத் தட்டில் மாவை வைத்து உள்ளே தள்ளினால் அடி எப்படி வேகும்? கனமான இரும்பு ஒன்று முக்கால் மணி நேரம் உள்ளே கிடந்து காய வேண்டும், அதன் தலையில் மாவு நேராக விழ வேண்டும். இதற்கென்றே இரும்புப் பலகை விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அடுப்பு மேடையில் சாய்ந்திருந்த தோசைக்கல் கண்ணில் பட்டது. கைப்பிடி இல்லாத, பத்தொன்பது வருடக் கல்.

மைதா 250 கிராம், தண்ணீர் 160 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், ஈஸ்ட் கால் டீஸ்பூன். பிசையும்போது கையெல்லாம் ஒட்டும். பயந்துபோய் மேலும் மேலும் மைதா தூவினால் கிடைப்பது சப்பாத்தி. டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். இந்த ரகசியத்தை நான் பெருமையாக விளக்க, “இட்லி மாவும் ஃப்ரிட்ஜுல மெதுவாப் புளிக்கத்தானே செய்யுது? இதுக்கா இவ்வளவு நாள் படிச்சே?” என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். கல் மயிரிழையில் ஓடிஜிக்குள் நுழைந்தது. பீட்சாவை அதன்மேல் இறக்க மரத்துடுப்பு வேண்டும். மகளின் பரீட்சை அட்டை இருந்தது. அதில் ரவை தூவி, மாவைக் கையால் விரித்து, இந்த முறை கஞ்சத்தனமாக இரண்டு கரண்டி தக்காளி, ஒரு கைப்பிடி சீஸ், நாலே நாலு துண்டு காளான். கதவைத் திறந்து வெடுக்கென்று அட்டையை இழுத்தேன். மாவு கல்லில் விழுந்து சுர்ரென்றது. ஒரு காளான் மட்டும் கிளிப்பில் மாட்டிக்கொண்டது. எட்டு நிமிடம், கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பி மட்டும். வெட்டும்போது அடி மொறுமொறுத்த சத்தம் ஹாலுக்குக் கேட்டது. மகள் பேசாமல் நாலு துண்டு தின்றாள். அப்புறம் அட்டையைப் பார்த்தாள்; அப்புறம்தான் பேசினாள்.

தடயத்தை அழிக்கும் வேலை பாக்கி. கல்லில் தக்காளியும் சீஸும் வழிந்து தீய்ந்திருந்தன. சோப்புப் போட்டு, கம்பி நாரால் அரை மணி நேரம் தேய்த்தேன். கல் எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது.

திங்கட்கிழமை காலை முதல் தோசை வரவில்லை. இரண்டாவது துண்டு துண்டாக வந்தது. மூன்றாவதைச் சுரண்டிக்கொண்டே மனைவி கேட்டாள்: “ஏங்க, கல்லை என்ன பண்ணீங்க?”

“கழுவினேன்.”

கல்யாணமான நாளிலிருந்து நானாக ஒரு பாத்திரம் கழுவியதில்லை. அதைவிட வேறு வாக்குமூலம் வேண்டுமா? பத்தொன்பது வருட எண்ணெய் சூட்டில் இறுகி அந்தக் கல்லுக்குத் தோலாகியிருந்தது. தக்காளிப் புளிப்பு கொஞ்சம் தின்றது. மீதியை நான் உரித்தேன். வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டு, புகையப் புகைய அவள் தேய்த்தாள். அந்த வாரம் முழுக்க உப்புமா.

அடுத்த ஞாயிறு அவளே புதுக் கல் ஒன்று வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். “இது உங்களுக்கு. பீட்சா சுடுங்க, என்ன வேணா சுடுங்க.” எனக்குத் தொண்டை அடைத்தது.

பாதி வெங்காயத்தையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கையில் கொடுத்தாள். “தினம் ரெண்டு வேளை தேயுங்க. கல் பழகினதும் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்.”