கஜாவுக்கு மட்டும் ஓடிய மெஷின்

பழைய கார் விற்பவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வசனம் பேசுவார்கள்: “டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்.” எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் பழைய செயின் சா விற்பவர்களுக்கும் அப்படி ஒரு வசனம் உண்டு. “கஜாவுக்கு மட்டும்தாண்ணே ஓடுச்சு. அதுக்கப்புறம் ஒருத்தன் கை படலை.”

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. வாசலில் கிடந்த மரத்தை அறுத்தால்தான் வீட்டை விட்டே வெளியே வர முடியும் என்ற நிலை. கையில் காசிருந்தவர், கடன் கிடைத்தவர் எல்லோரும் மரம் அறுக்கும் மெஷின் வாங்கினார்கள். மரம் தீர்ந்தது, மெஷின் பரணேறியது. இப்போது அவை ஒவ்வொன்றாக இறங்கி, பெயின்ட் அடித்துக்கொண்டு, ‘ரீகண்டிஷன்’ என்ற பட்டத்தோடு கடை வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. கடைக்காரர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால், அன்று விழுந்த மரங்களைவிட ஓடிய மெஷின்கள்தான் அதிகம்.

என் தேவை கொஞ்சம்தான். ஓட்டின் மேல் சாயும் வேப்பங்கிளை, கொல்லையில் பட்டுப்போன ஒரு தென்னை, அவ்வப்போது கொஞ்சம் விறகு. இதற்கு 30 சிசி இன்ஜினும், செயின் ஓடும் 14 அங்குல பாரும் தாராளம். எடை 4 கிலோ சொச்சம். என் இடுப்பு அதற்கு மேல் சம்மதிக்காது. மச்சினன்தான் சம்மதிக்கவில்லை. “58 சிசி, 22 அங்குலம் இதைவிடக் கம்மி விலைக்குக் கிடைக்குது மச்சான். இத்துனூண்டைத் தூக்கிட்டுப் போனா தெருவுல என்ன நினைப்பாங்க?” தெரு என்ன நினைத்தாலும் அறுக்கப்போவது வேப்பங்கிளையைத்தான், தேக்கங்காட்டையல்ல என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன்.

அடுத்த கேள்வி, புதுசா ரீகண்டிஷனா? ரீகண்டிஷன், புதுசு விலையில் பாதி. வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது என் அறிவைக் கொஞ்சம் காட்டலாம் என்று தோன்றியது. ‘டாக்டர் வண்டி’ என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லத் தகுந்த சாமான் செயின் சாதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு மருத்துவர்கள் எலும்பு அறுக்கப் பயன்படுத்திய கைச் சங்கிலி ரம்பம் இதற்குப் பாட்டன் முறை. சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பைப் பிரிக்க அதை எடுத்தார்களாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி ஒன்றுதான் கேட்டார்: “அந்த டாக்டருங்க ரீகண்டிஷனா வாங்குனாங்க?”

ஆனாலும் பாதி விலை என்பது சும்மா விடுகிற சமாசாரமா? போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், டீ சொன்னார். டீ வருவதற்குள் மெஷினை ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்தும் காட்டினார். எனக்குச் சந்தேகம். பழைய மெஷின் பல தடவை இழுத்த பிறகுதான் உயிர் பெறும் என்றால், விற்பவர் அதை நாம் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருப்பார். நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு மெஷினின் சைலன்சரில் விரல் வைத்தேன். சுட்டது. “வெயில்ல இருந்துச்சுண்ணே” என்றார். கடை வடக்கு பார்த்தது. மேலே தகரக் கொட்டகை வேறு.

சைலன்சரைக் கழற்றச் சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லை எண்ணிவிட்டதைப் போல அவர் முகம் மாறியது. ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் பிஸ்டன் தெரியும். பிஸ்டன் மழமழவென்று இருக்க வேண்டும். மேலும் கீழுமாகக் கோடு விழுந்திருந்தால், யாரோ டூ-டி ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50க்கு 1. இந்த 20 மில்லியில் மிச்சம் பிடித்தவர்தான் இன்ஜினை இழந்து, பெயின்ட் கடைக்கு அனுப்புகிறவர். அடுத்து, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கம்பிரஷன் இருந்தால் விட்டு விட்டு மெல்ல இறங்கும். இது சரசரவென்று தரைக்கு வந்தது. ஸ்டிக்கர் மட்டும் ஜெர்மனி.

இதுவரைக்கும் எல்லாம் காசு சம்பந்தப்பட்டது, பேரம் பேசிக்கொள்ளலாம். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் காப்பை முன்னால் தள்ளிப் பார்த்தபோதுதான் எனக்கு முடிவு வந்தது. அதுதான் செயின் பிரேக். பாரின் நுனி எதிலாவது பட்டு மெஷின் முகத்துக்கு எகிறும்போது ஓடுகிற செயினைச் சட்டென்று பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். அந்த மெஷினில் காப்பு இருந்தது. உள்ளே பிரேக் பட்டை இல்லை. “அது தேவையில்லண்ணே, வேலைக்கு இடைஞ்சல்” என்றார். முகம் அவருடையதாக இருந்தால் இடைஞ்சலாகத் தெரிந்திருக்காது.

ரீகண்டிஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மரம் அறுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் பழசுதான் வாங்குகிறார்கள். சத்தத்தை வைத்தே ரிங் போனதா கார்புரேட்டர் அடைத்ததா என்று சொல்லிவிடுவார்கள். 4 எம்எம் அரத்தை எடுத்து மர நிழலில் உட்கார்ந்து பல் பல்லாகத் தீட்டுவார்கள். தென்னைக்கு வைரம் வெளிப்பக்கம் என்பதால் செயின் சீக்கிரம் மழுங்கும். அதைத் தீட்டத் தெரியாதவனுக்குப் புதுசு, பழசு இரண்டும் ஒன்றுதான். அவர்கள் மெஷின் தினமும் ஓடுவதால் கெட்டுப்போக நேரமில்லை. நம்மைப் போல எப்போதாவது எடுப்பவர்களின் மெஷின் ஓடிக் கெடுவதில்லை, உட்கார்ந்து கெடுகிறது. இப்போது பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் படலம் விறைத்துப்போகும். அப்படிப் பார்த்தால் ‘கஜாவுக்கு மட்டும் ஓடுச்சு’ என்பது சிபாரிசே இல்லை, புகார்.

என் தீர்ப்பு இதுதான்: அறுப்பது பிழைப்பென்றால் பழசு, அவசரத்துக்கென்றால் புதுசு, அதுவும் ஸ்பேர் பக்கத்து ஊரில் கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்து. நான் புதுசுதான் வாங்கினேன், 14 அங்குலம். நீங்களும் வாங்கினால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, அணைகிற வரை ஓட்டி வையுங்கள். இரவல் கேட்டு யாராவது வந்தால் செயின் தீட்டப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.