மூன்றாம் மாடிக்கு ஃபிரிட்ஜைப் பறக்கவிடுவது எப்படி?

யூலை 1 கனடாவின் பிறந்தநாள். மொன்றியலில் அது வீடு மாறும் நாள். வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை யூன் 30இல் முடிவதால், ஊரில் பாதிப் பேர் சோபாவோடு தெருவில் நிற்பார்கள். அதற்கு மேல் இந்த ஊரின் பெருமையான இரும்புப் படி வேறு: வீட்டுக்கு வெளியே, முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிக்கொண்டு ஏறும். ஆள் ஏறலாம், ஃபிரிட்ஜ் ஏறாது. இரண்டாவது வளைவில் அதன் கைப்பிடி கம்பிக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே நிற்பவர் "தள்ளு" என்பார். கீழே நிற்பவர் "ஐயோ, விட்டுடாதை" என்பார்.

இனி அந்தத் தொல்லை இல்லை. ஹீலியம் பலூன் இருக்கிறது.

1. கணக்குப் போடுங்கள்: ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். பிறந்தநாளுக்குக் கட்டும் ரப்பர் பலூன் ஒன்று, தன் எடை போகப் பத்து கிராம் தூக்கினால் பெரிய காரியம். 90 கிலோ ஃபிரிட்ஜுக்கு 9,000 பலூன் போதும். நூலின் எடை தனி. உள்ளே இருக்கும் மீன்குழம்பை முதலே எடுத்துவிடுங்கள்.

2. வாயு வாங்குங்கள்: ரப்பரின் எடையையும் சேர்த்தால் 120 கன மீட்டர் வரும். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏழெட்டுக் கன மீட்டர்தான் இருக்கும்; ஆகவே 15, 16 சிலிண்டர். ஒவ்வொன்றும் 60 கிலோ. 90 கிலோவை ஏற்றுவதற்கு ஒரு தொன் இரும்பை வாசலில் இறக்குகிறீர்கள். பயப்பட வேண்டாம், இரும்பை மாடிக்கு ஏற்றத் தேவையில்லை.

3. ஊதுங்கள்: ஊதி முடிச்சுப் போட ஒன்றுக்கு அரை நிமிடம். 9,000க்கு 75 மணி நேரம், கண் மூடாமல். ரப்பர் பலூனில் ஹீலியம் ஒரு நாள் தங்கினாலே அதிகம். கடைசிப் பலூனைக் கட்டும்போது முதல் நாள் கட்டியவை காலடியில் வாடிய கத்தரிக்காய் போலக் கிடக்கும். நான்கு பேர் உதவிக்கு வந்தால் 15 மணி நேரத்தில் முடியும். நான்கு பேர் உண்மையாகவே வருவதாக இருந்தால் நேரே ஆறாம் படிக்குப் போகவும்.

4. சட்டத்தை மதியுங்கள்: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் இதே மொன்றியலில்தான் இருக்கிறது. கயிறு கைநழுவிய கணமே உங்கள் ஃபிரிட்ஜ் அதன் விதிகளுக்குள் வந்துவிடும். 6 கிலோவோ அதற்கு மேலோ சுமக்கும் ஆளில்லாப் பலூன் கனரக வகை. மக்கள் நெருங்கி வாழும் நகர்ப்பகுதிக்கு மேலே அதை 300 மீட்டருக்குக் கீழே விடக் கூடாது. நமது மவுண்ட் ரோயல் மலையின் உயரமே 233 மீட்டர்தான். நீங்களும் கூடவே ஏறி ஓட்டலாம் என்று நினைத்தால் கல்கரியைக் கேளுங்கள். 2015இல் டேனியல் போரியா என்பவர் நூற்றுச் சொச்சம் பெரிய பலூன்களைத் தோட்டக் கதிரையில் கட்டிப் பறந்து, பாரசூட்டில் குதித்தார். நீதிமன்றம் அவரைக் கட்டச் சொன்னது 26,500 டொலர். யூலை 1இல்கூட எந்த லொறிக்காரரும் அவ்வளவு கேட்க மாட்டார்.

5. இறக்குங்கள்: ஆபத்தே இங்கேதான். ஃபிரிட்ஜை அவிழ்த்ததும் பலூன்களின் 90 கிலோ தூக்குவிசை அப்படியே நிற்கும்; கயிற்றைப் பிடித்திருப்பவர் அடுத்த சரக்கு. கியூபெக் அரசு பணம் போட்டிருக்கும் 'ஃபிளையிங் வேல்ஸ்' நிறுவனம் 60 தொன் தூக்க 200 மீட்டர் நீள ஹீலியக் கப்பலை வடிவமைத்திருக்கிறது. சரக்கை இறக்கும்போது அதே எடைக்குத் தண்ணீரை ஏற்றிக்கொள்வதுதான் அவர்கள் கண்ட வழி. நீங்கள் பல்கனியில் 90 லீட்டர் தண்ணீர் தயாராக வைத்திருங்கள். அதை மேலே தூக்கிக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு.

6. மாற்று வழி: ஒரு மச்சான் 20 கிலோவைச் சிரமமில்லாமல் தூக்குவார். அதாவது ஒரு மச்சான் 2,000 பலூனுக்குச் சமம். ஐந்து மச்சான்மார் போதும், மிச்சமும் வரும். ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றி, கயிறு போட்டு, பல்கனி வழியாக இழுத்துவிடுவார்கள். எரிபொருள் ஆளுக்கொரு கொத்துரொட்டி, இரண்டு பிளேன்டீ. ஒரு நாளில் வற்றிப் போகவும் மாட்டார்கள்.

ஒரே குறை: பாரம் இறங்கியதும் பலூன் தானாகப் போய்விடும். மச்சான்மார் இரவுச் சாப்பாடு ஆகும்வரை சோபாவை விட்டு எழும்ப மாட்டார்கள்.